கிழக்குத் தெருவுக்கு வந்த களை

கலியபெருமாள் தன் மூன்று ஏக்கர் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்த ஐந்தாம் நாள் விடிந்தபோது, அந்தக் காட்டில் இருந்த களை அத்தனையும் எங்கள் கிழக்குத் தெருவில் வந்து நின்றுகொண்டிருந்தது. பண்ணைக்கீரை, சாரணை, கோரை, கானாம்வாழை, அருகு, பார்த்தீனியம் என்று எல்லாம் காட்டில் எப்படி நின்றனவோ அப்படியே நின்றன. சோளம் நிற்க வேண்டிய கோடுகள் மட்டும் இரண்டடிக்கு ஒன்றாகக் காலியாகக் கிடந்தன, அவற்றில் ஆள் நடக்கலாம். சிமெண்டுச் சாலையில் ஒரு விரிசல்கூட இல்லை. மூன்று ஏக்கர் களை ஒரு தெருவுக்குள் எப்படி அடங்கியது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தெரு அன்று காலை கொஞ்சம் நீளமாக இருந்தது. பால்காரர் கடைசி வீட்டுக்கு வந்து சேர வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் கூடுதலாக ஆனது, அவரும் அதை வண்டியின் கோளாறு என்றுதான் சொன்னார்.

முதலில் வெளியே வந்தவள் தையல்நாயகி. குடத்தை இடுப்பில் வைத்தபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கோரைத் தூரைக் காலால் தொட்டு, "இது கிணத்து மூலையில நிக்கிறதுடி. போன வருஷம் இத வெட்டித்தான் என் களைக்கொத்து காம்பு ஒடிஞ்சுது" என்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து, தங்கள் வாசலுக்கு முன்னால் நின்ற களையைப் பார்த்து இது வேப்பமரத்தடி, இது மோட்டார் ரூம் பக்கம், இது தண்ணி தேங்குற பள்ளம் என்று இடம் சொன்னார்கள். அவரவர் வழக்கமாகக் களை எடுக்கிற கோடு அவரவர் வாசலில் வந்து நின்றிருந்தது. எங்கள் தெருவில் களை எடுக்கப் போகிறவர்கள் பதினோரு பேர். ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள் என் அம்மா பூங்காவனம். முன்னால் போகிறவள் எப்போதும் வரப்போரக் கோட்டைத்தான் பிடிப்பாள், அதனால் எங்கள் வாசலில் வரப்புக் களை நின்றது. நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு, மற்றக் களைகளைவிட ஒரு சாண் உயரமாக, நல்ல கரும்பச்சையில், பண்ணைக்கீரை.

கலியபெருமாளுக்கு அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவள் நான்.

என் பெயர் மதியரசி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்பதற்கு அரசாங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ் இருக்கிறது. அம்மா அதை ரேஷன் அட்டையோடு ஒரே பையில் வைத்திருக்கிறாள். வேளாண்மை படித்துவிட்டுக் கைகாட்டி நிறுத்தத்தில் இருக்கிற பக்கிரிசாமி சாரின் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயிகள் வந்து பயிரைச் சொல்வார்கள், வயதைச் சொல்வார்கள், நான் சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் எழுதிக் கொடுப்பேன். நான் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். "டேங்குக்கு எத்தனை மூடிம்மா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மூடிக்கு மூடி அளவு மாறும் என்பதால் மூடிக் கணக்கை நான் எழுதியதே இல்லை, அளவுக் குவளையைக் காட்டி, ஏக்கருக்கு இவ்வளவு, இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு என்று எழுதினேன். இது சோளத்தைத் தொடாத மருந்து, சோளம் அதை வாங்கிச் செரித்துக்கொள்ளும், களைக்கு மட்டும் பச்சை போய் வெளுத்துச் சாகும் என்று விளக்கினேன். களை மூன்று நான்கு இலை விடும்போது அடிக்க வேண்டும், மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், காற்றடிக்கும்போது அடிக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சீட்டின் கடைசியில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன். டேங்கில் மிஞ்சும் மருந்தையும் டேங்கைக் கழுவிய தண்ணீரையும் எங்கள் பக்கத்தில் கிணற்றடியிலேயே ஊற்றிவிடுவார்கள், அது எனக்குப் பயமாக இருந்தது. பாடத்தில், பயன்படாத நிலத்தில் ஊற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். எங்கள் ஊரில் பயன்படாத நிலம் எது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், அப்புறம், "கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. வரப்பில் ஊற்றவும்" என்று எழுதினேன். முப்பத்தேழு சீட்டுகளில் அப்படி எழுதியிருக்கிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் களை எடுக்கும்போது தின்கிற கீரையைக் கொத்த மாட்டார்கள். வரப்போரம் இருக்கிற பண்ணைக்கீரையையும் சாரணையையும் விட்டுவைத்து, வேலை முடிந்து முகம் கழுவியபின் மடி நிறைய ஒடித்துக்கொண்டு வருவார்கள். மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பு அதுதான். நான் வளர்ந்ததே அதைத் தின்றுதான். அப்படியிருந்தும் பயன்படாத நிலம் என்று படித்தபோது எனக்கு வரப்புதான் நினைவுக்கு வந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

களை வந்து இரண்டு நாளாகியும் யாரும் அதைப் பிடுங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருப் பெண்கள் கூப்பிடாத களையில் கை வைக்க மாட்டார்கள். முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் காட்டுக்காரர் வந்து, வாசலுக்கு வெளியே நின்று, "நாளைக்கு ஆளு வேணும், களை எடுக்க" என்று வாயால் சொல்ல வேண்டும், இவர்கள் எந்தக் காடு, யாருடையது, மருந்து அடித்ததா என்று கேட்பார்கள், அவர் பதில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கொத்து கைக்கு வரும். போனில் சொன்னால்கூடச் செல்லாது. இந்த வருஷம் மருந்து வந்துவிட்டதால் ஒருத்தரும் வந்து கூப்பிடவில்லை. பதினோரு கொத்தும் பதினோரு வீட்டு மூலையில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. கூப்பிடாத பெண்களும் கூப்பிடாத களையும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கலியபெருமாள் வந்து பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, அதை மறைக்கவும் பார்த்தார்.

"உங்க காட்டுக் களைதானே அண்ணே, நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா எடுத்துருவோம்" என்றாள் அம்மா.

"எங்காட்டுல இருந்தாத்தானேம்மா அது என் களை?"

"பின்ன இது யாரோடது?"

"களைக்கு யாரும்மா பட்டா வச்சிருக்கா?" என்று சொல்லிவிட்டு அவர் காலியான சோளக்கோட்டில் காலை வைத்து, வழக்கம்போலக் களைக்குள் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

பஞ்சாயத்துத் தலைவர் வந்து, தெரு பஞ்சாயத்துடையது, அதில் நிற்கிற களை பஞ்சாயத்துடையது இல்லை என்றார். நூறு நாள் வேலையில் இதைச் சேர்க்கலாமே என்று தையல்நாயகி கேட்டாள். பொறுப்பாளர் பெண் நல்லவள், உடனே போனை எடுத்துப் படம் பிடித்தாள். படத்தில் துடைத்து வைத்ததுபோல வெறும் சிமெண்டுச் சாலைதான் விழுந்தது. மூன்று போனில் பிடித்தும் அப்படியே விழுந்தது. "நான் என்னக்கா பண்ணட்டும், படத்துல இல்லாத வேலைய எப்படி ஏத்துறது?" என்று அவள் கண்கலங்கிவிட்டாள். கடைசியில் தையல்நாயகிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

பிறகு மற்றக் காட்டுக்காரர்களும் அடித்தார்கள், மற்றக் காட்டுக் களையும் வந்தது. ஒவ்வொரு முறையும் தெரு இன்னும் கொஞ்சம் நீண்டது. ஐப்பசி முடிவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோளக்கோட்டில் ஒருவர் பின் ஒருவராக நடந்து போனார்கள். கோலத்தைக் களைக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஒடுக்கமாக, நீளமாகப் போட்டார்கள். ஒரு வீட்டில் பெண்ணுக்குச் சடங்கு வைத்தபோது பந்தல்காரர், இரண்டடிக்கு ஒன்றாகத்தான் கால் ஊன்ற முடியும் என்று சொல்லி, மூங்கிலுக்குக் கூடுதலாகக் கேட்டார், கொடுத்தார்கள். களையை ஒருவரும் மிதிக்கவில்லை. "மிதிச்சா மண்ணு இறுகிப்போயிரும், எடுக்கும்போது கஷ்டம்" என்று பெண்கள் சொன்னார்கள், சிமெண்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாக் களையும் தெருமுனைப் பக்கம் லேசாகச் சாய்ந்தது, அங்கிருந்து யாரோ வரவேண்டியது இருப்பதைப்போல. அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஊர் எல்லாவற்றுக்கும் பழகியது. ஒரே ஒரு கேள்வி மட்டும் பழகாமல் நின்றது, அது நேராக என்னிடம் வந்தது.

என் அண்ணி நிரோஷாவுக்கு ஏழாம் மாதம். அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். அண்ணிக்கு ரத்தம் குறைவு என்று நர்சம்மா மாத்திரை கொடுத்து, கீரை நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். காட்டில் கீரை இல்லை. வாசலில், நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு, கை நீட்டினால் ஒடிக்கிற தூரத்தில் இருந்தது.

"மதி, இது மருந்து பட்டதா, படாததா?" என்று அண்ணி கேட்டாள். அம்மா கேட்டாள். தையல்நாயகி குடத்தோடு நின்று கேட்டாள். "வெளுத்துச் சாகும்னு நீதானடி சொன்ன? இது சாகவும் இல்ல, வெளுக்கவும் இல்ல. அப்ப மருந்து படலைன்னுதானே அர்த்தம்? படிச்சவ நீ சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு முறை படித்தேன். சோளத்தை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அதில் இருந்தது, ஆடுமாட்டுக்குச் சோளத்தட்டை எப்போது போடலாம் என்று இருந்தது. களையை எத்தனை நாள் கழித்துத் தின்னலாம் என்று இல்லை. களையைத் தின்கிறவர்கள் இருப்பார்கள் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றவில்லையே.

பக்கிரிசாமி சாரிடம் கேட்டேன். அவர் கடையில் அந்த மாதம் கூட்டம் தாங்கவில்லை. களையை ஊரைவிட்டே விரட்டுகிற மருந்து என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

"காட்டுல அடிச்சது காட்டோட போச்சும்மா. தெருவுல நிக்கிறதுக்கும் நமக்கும் என்ன?" என்றார்.

"அதக் கீரையா சாப்பிடலாமான்னு கேக்குறாங்க சார்."

"தெரியாதுன்னு சொல்லிரு." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "வேணாம், தெரியாதுன்னு சொல்லாத. படிச்ச பொண்ணு தெரியாதுன்னா கடைக்கு அசிங்கம். நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடச் சொல்லு."

நான் அப்படிச் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொஞ்ச நாளில் தையல்நாயகியின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தெருநடுவில் இருந்த சாரணையை ஒரு கோடு முழுக்க மேய்ந்துவிட்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவே அந்த ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் முதலில் அது எப்படிக் கத்துகிறது என்று காது கொடுத்தார்கள், புழுக்கையைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். எட்டு நாள் ஆனது. ஆடு கொழுத்துத்தான் இருந்தது. ஒரு ஆடு எட்டு நாள் நன்றாக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை என்று எனக்குத் தெரியும். அது மேய்ந்தது தெருநடுவில் என்றும், எங்கள் வாசலில் நிற்பது வரப்புக் களை என்றும் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டுமானால் என் சீட்டின் கடைசி வரியைச் சொல்ல வேண்டும். ராத்திரியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிப் பார்ப்பேன். எல்லா வாக்கியத்திலும், கிணற்றைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்பது முன்னால் வந்து நின்றுகொள்ளும். காலையில் பேருந்து வந்துவிடும்.

கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை நல்ல மழை. கடையில் மின்சாரம் போய் மதியமே அனுப்பிவிட்டார்கள். நான் குடையை மடக்கிக்கொண்டு தெருவுக்குள் வரும்போதே மணம் வந்தது, பச்சைமிளகாயும் பூண்டும் போட்டுக் கடைந்த பண்ணைக்கீரையின் மணம். நாக்கில் நீர் ஊறியது. அடுத்த நிமிஷம் வாசலைப் பார்த்தேன். எங்கள் வாசலில் ஒரு கோடு முழுக்க நுனி ஒடிக்கப்பட்டிருந்தது, ஒடித்த இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். மழைக்கு வேலை இல்லை, நிரோஷாவுக்கு ஆசையாக இருக்கிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து பெரிய சட்டியில் வைத்திருந்தார்கள். தையல்நாயகி மத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சோற்றில் கீரையைப் பிசைந்து, முதல் உருண்டையை உருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"சாப்பிடாதீங்க அண்ணி."

"ஏண்டி, வந்ததும் வராததுமா?" என்றாள் தையல்நாயகி. "ஆடு தின்னு எட்டு நாளாச்சு, குத்துக்கல்லாட்டம் நிக்குது. புள்ளத்தாச்சி வாய்க்குப் போறதத் தடுக்குற?"

"கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்ன. போயிருச்சே" என்றாள் அம்மா.

கட்டி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "மருந்து பட்டதா படலையான்னு எனக்குத் தெரியாதும்மா. இது வரப்புக் களை. டேங்குல மிஞ்சினதையும் கழுவின தண்ணியையும் வரப்புல ஊத்தச் சொல்லி எழுதினது நான். காட்டுக்குள்ள பட்டதைவிட இதுல நிறையப் பட்டிருக்கலாம். எல்லாச் சீட்டுலயும் எழுதியிருக்கேன்."

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அண்ணி உருண்டையை மெதுவாகத் தட்டில் வைத்தாள். வைத்தபிறகும் கையைத் தூக்கியே பிடித்திருந்தாள், அந்தக் கை வேறு யாருடையதோ போல.

"வரப்புல கீரை நிக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதின?"

"எழுதும்போது ஞாபகம் வரலக்கா."

"ஞாபகம் வரல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. கேள்விப்படாத ஒரு நோயின் பெயரை முதல்முறையாகக் கேட்கிறவள்போலச் சொன்னாள். பிறகு மத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். தாங்கள் கொண்டுவந்த கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற களைக்கு இடம் விட்டு, மழையில் நடந்து போனார்கள்.

"நீங்க யாராச்சும் வாயில வச்சீங்களா?" என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

"உப்புப் பாத்தேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"நாக்குல தொட்டதுக்கா? போயி அவளுக்குக் கை கழுவ சோப்பு எடுத்துக் குடு" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. கீரைச்சட்டி மூடியபடி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, எங்கே கொட்டுவது என்று கேட்கவும் இல்லை.

அந்த மூன்று நாளும் நான் முப்பத்தேழு பேர் வீட்டுக்கும் போனேன். சீட்டில் கடைசி வரி தப்பு, வரப்பில் ஊற்றாதீர்கள், ஊற்றியிருந்தால் அங்கே யாரையும் கீரை பறிக்க விடாதீர்கள் என்று சொன்னேன். அப்படியானால் எங்கே ஊற்றுவது என்று எல்லோரும் கேட்டார்கள். மிஞ்சாமல் கலக்குங்கள், கழுவிய தண்ணீரைத் திரும்பச் சோளத்துக்கே மெலிதாக அடித்துவிடுங்கள் என்றேன். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். சிலர் தலையாட்டினார்கள், சிலர் சீட்டைத் தொலைத்திருந்தார்கள், ஒருவர் அந்த வரியைப் படித்ததே இல்லை என்றார், அவரைக் கும்பிடலாம்போல இருந்தது. நான் வீடு வீடாகப் போவது பக்கிரிசாமி சாருக்குத் தெரிந்து, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா, நானே சொல்லி அனுப்புறேன்" என்றார். அவர் சொல்லி அனுப்பப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாகக் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். "மாமா, நீங்க ஒரு தடவை வந்து கூப்பிட்டுட்டா அவங்க எடுத்துருவாங்க. அண்ணிக்கு மாசம் நெருங்குது. வாசப்படியிலயே நிக்குது" என்றேன்.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "மருந்து கேட்டு வந்தது நானு. எழுதினவ நீ. வரப்புல ஊத்துன்னு சொன்னவ நீ. அவ்வளவு அக்கறை இருந்தா நீயே போயிக் கூப்பிடு, யாரு வேணாங்குறா?"

கேலியாகத்தான் சொன்னார். நான் அங்கிருந்து நடந்து வரும்போது அது கேலியாகத் தெரியவில்லை. கூப்பிடுகிறவர் காட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுதான் வழக்கம். அவருக்குக் காடு இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, களை தன்னுடையது என்று அவர் சொன்னால் போதும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையிலிருந்து வந்தேன். முதல் வீட்டு வாசலுக்கு வெளியே, சோளக்கோட்டில் நின்று, "அக்கா, நாளைக்கு ஆளு வேணும், களை எடுக்க" என்றேன்.

தையல்நாயகி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் காடு?"

"இந்தத் தெரு."

"யாரோடது?"

"என்னோடது."

"ம். எப்ப பட்டா மாத்துன?" என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முகம் மாறியது. "கைக்கு என்ன போடுறது?"

"எல்லாருக்கும் கையுறை கடையிலேர்ந்து வாங்கி வச்சிருக்கேன். எடுக்கும்போது வெத்தல பாக்கு போடக் கூடாது. முடிச்சதும் குளிச்சிறணும்."

"வெத்தல போடாம எப்படிடி களை எடுக்குறது?" என்றாள், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. மூலையிலிருந்து கொத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று போனேன். ஒருத்தி வரமாட்டேன் என்றாள், ஒருத்தி யோசித்துச் சொல்கிறேன் என்றாள், மற்றவர்கள் வருகிறேன் என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மருந்து அடித்ததா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். எத்தனை முறை சொன்னாலும் அந்த ஆமாம் எளிதாகவில்லை.

எங்கள் வீடு கடைசியில் வந்தது. நான் உள்ளே போகவில்லை. நிலைப்படிக்கு வெளியே, ஒடித்த இடத்தில் மறுபடி துளிர்த்திருந்த பண்ணைக்கீரைக்கு நடுவில் நின்றேன். அம்மா கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி பின்னால் படுத்திருந்தாள்.

"யாரு?" என்று கேட்டாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

"மதியரசிங்க."

"என்ன சேதி?"

"நாளைக்கு ஆளு வேணும். களை எடுக்க."

"மருந்து அடிச்சதா?"

"ஆமா."

"எவ்வளவு பட்டிருக்கு?"

"தெரியல. படாத மாதிரி நெனச்சு எடுக்க வேணாம்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "புள்ளத்தாச்சி வரமாட்டா."

"அவங்களக் கூப்பிடல. நாளைக்குக் காலையிலயே அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிரலாம், எல்லாத்தையும் எடுத்து முடிச்சு மழை கழுவுற வரைக்கும்."

"புடுங்குனத எங்க போடுறது?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பிடுங்கிய களையை வரப்பில் வீசுவதுதான் வழக்கம் என்பதால் காட்டுக்காரரிடம் இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அம்மா கேட்பாள். தெருமுனையிலிருந்து பத்து வீடும் இதையே யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

"யாருக்கும் ஆவாத எடமாப் பாத்து..."

"அப்படி ஒரு எடம் எங்கடி இருக்கு?"

மூன்று நாளைக்குப் பிறகு அவள் என்னை 'டி' போட்டுப் பேசினாள். "இன்னும் தெரியலம்மா."

அம்மா எழுந்து மூலைக்குப் போனாள். கொத்தை எடுத்து, பெருவிரலால் நுனியைத் தடவி, துருவைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "காலையில ஆறு மணிக்கு எறங்குறோம்" என்றாள். "அதுக்குள்ள எடம் சொல்லு. சொல்லாம நான் ஒரு புல்லப் புடுங்க மாட்டேன்."

நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஊரின் நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்: கிழக்கே ஏரிக்கரை, மேற்கே கிணற்று மேடு, தெற்கே ஆடு மேய்கிற கரடு, வடக்கே சுடுகாட்டு வேலி. எங்கே நினைத்தாலும், அங்கே யாரோ ஒருத்தி எனக்கு முதுகு காட்டிக் குனிந்து, எதையோ ஒடித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.